ஜிம் பக்கத்துக் கடையில் வாங்கிய மாஸ் கெயினர்

உடல் எடை கூட்டப் பாலிலோ தண்ணீரிலோ கலந்து குடிக்கும் இந்தப் பவுடரின் 3 கிலோ டப்பாவை முழுசாகக் குடித்து முடித்துவிட்டுச் சொல்கிறேன், வாங்காதீர்கள். லேபிளில் முதல் பெயரே மால்டோடெக்ஸ்ட்ரின் (சீக்கிரம் சர்க்கரையாக மாறும் மாவுச்சத்து), புரதம் அதற்கு அப்புறம்தான். குடித்து ஒரு மணி நேரத்தில் விரலில் குத்திப் பார்த்தேன், சர்க்கரை 190, கூடவே கண்ணைச் சொருகும் தூக்கம். சர்க்கரை ஏறும்போது சுரக்கும் இன்சுலின், தசை சிதையாமல் காக்க வேண்டும்தான், ஆனால் அதற்குச் சாப்பாட்டில் இருக்கும் கொஞ்சம் சோறே போதும். 75 கிராம் குளுக்கோஸ் குடித்தாலே ஆண்களுக்குத் தசை வளர உதவும் ஹார்மோனான டெஸ்டோஸ்டிரோன் சில மணி நேரம் இறங்குகிறது. தினமும் இரண்டு வேளை இப்படிக் குடித்துத் தொப்பையும் போட்டால் என்ன ஆகும்? எனக்கு இடுப்பு 2 அங்குலம் கூடியது, புஜம் அப்படியே இருக்கிறது. இப்போது 4 முட்டை, ஒரு கிண்ணம் கொண்டைக்கடலைச் சுண்டல். முட்டையிலேயே 24 கிராம் புரதம் வந்துவிடுகிறது, மதியத் தூக்கமும் இல்லை.