கிரீன் டீ முகப்பூச்சு: தோலுக்கு இதம், புற்றுநோய்க்குக் காப்பு அல்ல

கிரீன் டீ சாறு கலந்த முகப்பூச்சு ஒன்றைக் கோடை முழுவதும் பயன்படுத்திய பின் இதை எழுதுகிறேன். பிசுபிசுப்பு இல்லை, முகம் கழுவியபின் தோலில் தோன்றும் இறுக்கத்தை நன்றாகத் தணிக்கிறது, மணமும் மென்மையானது. வறட்சியைப் போக்கும் களிம்பாக மட்டும் விற்றிருந்தால் குறை சொல்ல அதிகம் இருந்திருக்காது. ஆனால் பெட்டிக்குள் வைத்திருக்கும் துண்டுத்தாள், தேயிலையிலுள்ள ஃபிளவனாய்டுகள் (தாவரங்களில் இயல்பாக உள்ள ஒருவகைச் சேர்மங்கள்) தோல் புற்றுநோயைத் தடுக்கும் என்கிறது.

அந்தக் கூற்று வெறும் கற்பனை அன்று. கேட்டச்சின்கள் என்ற ஃபிளவனாய்டு வகையில் தேயிலையில் முதன்மையானதான ஈஜிசிஜியைப் பூசிய முடியற்ற எலிகளில், வெயிலிலுள்ள புற ஊதா பி கதிர்களால் உண்டாகும் கட்டிகள் குறைந்தன. இன்டர்லூக்கின்-12 என்ற புரதத்தின் வழியாக, கதிர்கள் சிதைத்த டிஎன்ஏ விரைவாகச் சீரடைய அது உதவுவதையும் ஆய்வாளர்கள் கண்டனர். மில்க் திஸில் செடியின் விதையிலிருந்து எடுக்கும் சைலிமாரின் என்ற ஃபிளவனாய்டுக் கலவையும், 1997இல் வெளிவந்த ஆய்வொன்றில், எலிகளின் தோலை இவ்வாறே காத்தது. பார்ஸ்லியிலும் செலரியிலும் உள்ள அபிஜெனின் என்ற ஃபிளவனாய்டைப் பூசியபோது, இரசாயனங்களால் தூண்டப்பட்ட கட்டிகளும் குறைந்தன.

இவை நம்பிக்கையூட்டும் முடிவுகள்தாம். ஆயினும் அங்கே பூசப்பட்டது அளந்தெடுத்த சேர்மம். இங்கே சாறு எத்தனை விழுக்காடு என்றுகூட அச்சிடவில்லை. ஈஜிசிஜி காற்றுப்பட்டால் ஆக்சிஜனேற்றம் அடைந்து பழுப்பாகிவிடும் என்பது தெரிந்திருந்தும், அகன்ற வாயுள்ள கண்ணாடிப் புட்டியில் அடைத்திருக்கிறார்கள். நாளடைவில் களிம்பின் மேற்பரப்பு பழுப்பேறியது. கிரீன் டீ கேட்டச்சின்கள் கொண்ட களிம்புக்கு அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2006இல் அனுமதி அளித்ததையும் துண்டுத்தாள் பெருமையுடன் சொல்கிறது. அந்த மருந்து பாலுறுப்புப் பகுதியில் வரும் மருக்களுக்கானது என்பதைச் சொல்லவில்லை. புற்றுநோயைத் தடுப்பதாக விளம்பரம் செய்வதை நம் நாட்டின் 1954ஆம் ஆண்டுச் சட்டம் தடைசெய்கிறது என்பதால், இந்த மௌனம் எனக்குப் பெரிய குற்றமாகவே படுகிறது.

மனிதர்களிடம் மெய்ப்பிக்கப்பட்ட காப்பு சன்ஸ்கிரீன்தான். ஆஸ்திரேலியாவின் நாம்பூர் நகரில் அதை அன்றாடம் பூசியவர்களிடையே, தோல் புற்றுநோயின் ஒரு வகையான செதிள் செல் புற்றுக் கட்டிகள் ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்ததாக 1999இல் வெளியான ஆய்வு காட்டியது. இந்த முகப்பூச்சில் எஸ்பிஎஃப் எனப்படும் வெயில் காப்புத் திறன் அறவே இல்லை. வறண்ட தோலுக்காக வாங்குவோர் தாராளமாக வாங்கலாம். வெயிலில் இறங்குமுன் இதன்மேல் சன்ஸ்கிரீனையும் பூசிக்கொள்ள வேண்டும். ஆறாத புண்ணோ, உருமாறும் மச்சமோ இருப்பவர்கள் இதை நம்பிக் காத்திராமல் தோல் மருத்துவரிடம் செல்ல வேண்டும்.