ஆவின் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் ஊசி மருந்து

மூன்று வார லீவில் சிங்கப்பூரிலிருந்து போனது கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்துத் தோட்டத்தில் சும்மா கிடக்கத்தான். இறங்கிய அன்றே சித்தி மகளின் ஃபைல் கைக்கு வந்துவிட்டது. வயது 29. கல்யாணமாகி ஒன்றரை வருடம், குழந்தை இல்லை. இடது மார்பில் புற்றுநோய்க் கட்டி எடுத்துப் பத்து நாள் ஆகியிருந்தது. ஹார்மோன் பாசிட்டிவ், அதாவது பெண் ஹார்மோனால் தூண்டப்பட்டு வளரும் வகை. அடுத்து கீமோ.

கோவையில் அவள் பார்க்கும் மருத்துவமனையைப் பற்றி நல்லதை முதலில் சொல்லிவிடுகிறேன். டோக்கன் போனுக்கே வருகிறது. ரிப்போர்ட் சொன்ன நாளில் கிடைக்கிறது. கட்டு மாற்றும் நர்ஸ் "வலிக்குதாங்க்கா" என்று கேட்டுக் கேட்டுத்தான் பிரிக்கிறார். ஆனால் முடி கொட்டும், வாந்தி வரும், பழத்தைக் கழுவிச் சாப்பிடு என்றெல்லாம் அச்சடித்துத் தந்த தாளில், கீமோ சினைப்பையையும் பாதிக்கும் என்று ஒரு வரி இல்லை. சைக்ளோபாஸ்பமைட் போன்ற மருந்துகள் கருமுட்டை இருப்பைக் கரைத்துவிடும். சிலருக்கு மாதவிலக்கே திரும்பாது. கவுன்சலிங் மேசையில் கேட்டேன். "முதல்ல உயிருங்க, கொழந்தையெல்லாம் அப்புறம் பாத்துக்கலாமுங்க." அப்புறம் பார்க்க முட்டை இருக்க வேண்டுமே!

இத்தனைக்கும் அவிநாசி ரோட்டுக்கு வந்தால் தலைக்கு மேலே கொழுகொழுக் குழந்தைகள் சிரிக்கும் கருத்தரிப்பு மையப் பலகைகள். ஈரோட்டிலும் அப்படித்தான். அங்கிருந்து இங்கே ஃபைலைத் தூக்கிக்கொண்டு ரோட்டைக் கடக்க வேண்டியவள் மட்டும் நோயாளி.

கீமோவுக்கு முன்பே முட்டையை எடுத்து உறைய வைத்துக்கொள்ளலாமா என்று புற்றுநோய் டாக்டரை நேரில் பிடித்துக் கேட்டபோது அவர் மறுக்கவில்லை. புண் ஆறும்வரை கீமோ கிடையாது, இரண்டு வாரம் தாராளமாக இருக்கிறது என்று உடனே கடிதம் எழுதித் தந்தார். யாரும் கேட்பதில்லையாம். மாமியார் பக்கத்து நாற்காலியில் இருக்கும்போது அந்தப் பெண் எப்படிக் கேட்பாள்?

கருத்தரிப்பு மையத்து டாக்டரம்மா அவசரப்படாமல் விளக்கினார். முட்டையை வளர்க்கும் ஊசியைத் தொடங்க மாதவிலக்குக்குக் காத்திருக்க வேண்டாம். முட்டை வளரும்போது ஈஸ்ட்ரோஜன் ஏறாமலிருக்க லெட்ரோசோல் கூடவே தருவார்கள். அது மார்பகப் புற்றுநோய்க்கே கொடுக்கும் மாத்திரை என்றதும்தான் தங்கைக்கு மூச்சு வந்தது. கீமோ முடிந்தபின் டாமாக்ஸிஃபென் என்ற ஹார்மோன் தடுப்பு மாத்திரை, குறைந்தது ஐந்து வருடம். அதைச் சாப்பிடுகிறவரை கருத்தரிக்கக் கூடாது. ஒன்றரை, இரண்டரை வருடம் சாப்பிட்டுவிட்டு, குழந்தைக்காக இரண்டு வருடம்வரை நிறுத்திய 500க்கு மேற்பட்ட பெண்களைக் கவனித்த ஆய்வு ஒன்று 2023இல் வந்திருக்கிறது. நிறுத்தியதால் அந்தச் சில வருடங்களில் நோய் கூடுதலாகத் திரும்பவில்லையாம். அதற்குப் பிந்தைய காலத்தை இன்னும் கவனித்து வருகிறார்கள் என்பதையும் அவரே சொன்னார்.

சித்தப்பாவுக்கு வேறு கவலை. "ஏம்மிணி, ஈரோட்டுல 16 வயசுப் புள்ளகிட்ட முட்டை எடுத்து வித்தாங்கன்னு பேப்பர்ல வந்துச்சே, அந்த மாதிரி எடமா இது?" 2022இல் வந்த செய்தி அது. அவர் கேட்டது தப்பில்லை. 2021ஆம் ஆண்டுச் செயற்கைக் கருத்தரிப்புச் சட்டப்படி எழுதிக் கையெழுத்திடாமல் யாரும் முட்டையைத் தொட முடியாது, 10 வருடம்வரை வைத்திருக்கலாம் என்று டாக்டரம்மா தாளைத் திருப்பிக் காட்டினார். கருவாக வைப்பதா, முட்டையாகவா என்ற கேள்வி வந்தது. கருவென்றால் மாப்பிள்ளையும் கையெழுத்திட வேண்டும். தங்கை கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தாள். "முட்டையாவே இருக்கட்டுங்க." அவள் மாமியார் ஒன்றும் பேசவில்லை. அடுத்த முறை வண்டியில் ஏறும்போது பிளாஸ்கில் சுக்குக் காப்பி போட்டுக்கொண்டு வந்தார்.

தினம் கோவைக்கு ஓட முடியாது, போக மட்டும் இரண்டு மணி நேரத்துக்கு மேல். எனவே மருந்தை ஐஸ் பெட்டியில் கொண்டுவந்து, ஃபிரிட்ஜில் ஆவின் பாக்கெட்டுக்கும் தோசை மாவுக்கும் நடுவில் வைத்தோம். பக்கத்துத் தோட்டத்து நர்ஸ் அக்கா சாயங்காலம் ஆறு மணிக்கு வந்து வயிற்றில் போடுவார். ஒருநாள் மத்தியானம் முழுக்கக் கரண்ட் இல்லை. சித்தி ஃபிரிட்ஜ் முன்னால் முக்காலி போட்டு உட்கார்ந்து, மோருக்குக்கூட யாரையும் கதவைத் திறக்க விடவில்லை.

பதினோரு நாள் ஊசி. நடுவில் நாலு முறை ஸ்கேன். மயக்கம் கொடுத்து எடுத்ததில் 12 முட்டை, உறைய வைக்கத் தேறியது 9. ஒன்பதும் குழந்தையாகும் என்று நினைக்காதீர்கள் என்று அங்கேயே சொல்லிவிட்டார்கள். பில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டியது, இன்ஷூரன்ஸ் ஒரு ரூபாய்கூடத் தரவில்லை. சேமிப்புக் கட்டணம் வருடா வருடம் தனி.

நான் கிளம்புவதற்கு முந்தின நாள் கீமோ தொடங்கியது. சேமிப்பு ரசீதைச் சித்தப்பா பீரோவில் தோட்டத்துப் பத்திரத்தோடு வைத்திருக்கிறார். மேலே பென்சிலில், அடுத்த வருடம் பணம் கட்ட வேண்டிய தேதி.