வரிக் காலக் கடிதங்களுக்கு வேர்டின் மெயில் மெர்ஜ்: ஒரு மதிப்புரை

வரித் தாக்கல் காலம் தொடங்கும் முன் வாடிக்கையாளர்களிடம் ஆவணங்களைக் கேட்டு அனுப்பும் பட்டியல், பல வரி ஆலோசனை அலுவலகங்களில் எல்லோருக்கும் ஒரே நகலாகவே போகிறது. சம்பளம் ஒன்றே வருமானமாக உள்ளவருக்கும், வாடகைக்கு விட்ட வீடும் பங்கு முதலீடும் சொந்தத் தொழிலும் உள்ளவருக்கும் அதே பக்கங்கள்தான். தனக்குப் பொருந்தாத வரிகளைத் தாண்டித் தாண்டிப் படிப்பவர், பொருந்துகிற வரியையும் சேர்த்தே தாண்டிவிடுகிறார். பிறகு விடுபட்ட ஒரு வட்டிச் சான்றிதழுக்காக, வேலை குவிந்திருக்கும் நாட்களில் திரும்பத் திரும்பத் தொலைபேசியில் அழைக்க வேண்டியிருக்கிறது. இதைச் சீர்செய்யத் தனி மென்பொருள்கள் விற்கப்படுகின்றன என்றாலும், பெரும்பாலான அலுவலகக் கணினிகளில் ஏற்கெனவே இருக்கும் மைக்ரோசாஃப்ட் வேர்டில், ஒரே கடிதத்தை அவரவர் விவரங்களோடு பலருக்கும் தயாரித்துத் தரும் மெயில் மெர்ஜ் வசதியே சிறிய அலுவலகத்துக்குப் போதும் என்பது என் கருத்து. ஒரு நிபந்தனை உண்டு: எக்செல் பட்டியலைப் பொறுமையாகத் தயாரிக்க மனம் வேண்டும்.

அடிப்படை எளிது. எக்செல் தாளின் முதல் வரிசையில் பெயர், முகவரி, கடைசித் தேதி போன்ற தலைப்புகள். அதன் கீழ் ஒரு வாடிக்கையாளருக்கு ஒரு வரிசை. வேர்டில் 'மெயிலிங்ஸ்' பகுதிக்குச் சென்று அந்தத் தாளை இணைத்து, கடிதத்தில் வேண்டிய இடங்களில் அந்தத் தலைப்புகளைச் செருகினால், ஒவ்வொருவருக்கும் தனிக் கடிதம் தயாராகிறது. பெயரையும் முகவரியையும் மாற்றுவதோடு பலர் நிறுத்திக்கொள்கிறார்கள். இந்த வசதியின் உண்மையான மதிப்பு 'ரூல்ஸ்' என்ற பட்டியலில் உள்ள 'இஃப் தென் எல்ஸ்' கட்டளையில் இருக்கிறது. சென்ற ஆண்டுக் கோப்பைப் பார்த்து, வாடகை வருமானம், பங்கு விற்பனை, வீட்டுக் கடன், நன்கொடை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு நெடுவரிசை வைத்து, உள்ளவர்களுக்கு மட்டும் 'ஆம்' என்று குறித்துவிட்டால், அந்தக் கட்டளை வாடகை உள்ளவருக்கு மட்டும் வாடகை ஒப்பந்தத்தையும் சொத்து வரி ரசீதையும் கேட்கும். மற்றவருடைய கடிதத்தில் அந்த வரியே இருக்காது.

இதில் ஒரு நுணுக்கம் உண்டு. நிபந்தனை பொருந்தாதபோது எழுத்து மறைந்தாலும், அது இருந்த பத்தி மறைவதில்லை. ஆகவே பட்டியலில் வெற்றுப் புள்ளிகளும் காலி வரிகளும் தங்கிவிடும். ஆல்ட், எஃப் 9 விசைகளைச் சேர்த்து அழுத்தி, திரையில் தெரியும் கட்டளைக்குள், ஆவணத்தைக் கேட்கும் வாசகத்தின் இறுதியில், பத்தி முடிவையும் (என்டர் விசை தரும் குறியையும்) சேர்த்துவிட்டால் இந்தக் குறை நீங்கும். இந்த ஒரு திருத்தமே கடிதத்தை அச்சில் அழகாக்குகிறது.

தேதிகளிலும் எண்களிலும் கூடுதல் கவனம் தேவை. எக்செலில் நாள், மாதம், ஆண்டு என்று சரியாகத் தெரியும் தேதி, வேர்டுக்கு வரும்போது மாதம் முன்னே நிற்கும் வடிவத்துக்கு மாறிவிடுவதுண்டு. கடைசித் தேதி 5-ஆம் மாதம் 6-ஆம் நாளா, 6-ஆம் மாதம் 5-ஆம் நாளா என்ற குழப்பம் வரிக் கடிதத்தில் வரவே கூடாது. எக்செலிலேயே 'டெக்ஸ்ட்' சூத்திரத்தால், மாதத்தின் பெயரோடு, தேதியை எழுத்தாக மாற்றி வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வங்கிக் கணக்கு எண்ணின் கதை இன்னும் கடினமானது: எக்செல் ஓர் எண்ணில் 15 இலக்கங்களை மட்டுமே துல்லியமாக வைத்திருக்கும், அதற்கு மேற்பட்ட இலக்கங்கள் பூஜ்யமாகிவிடும், முன்னால் உள்ள பூஜ்யங்களும் உதிர்ந்துவிடும். எண்களை உள்ளிடுவதற்கு முன்பே அந்த நெடுவரிசையை எழுத்து வடிவத்துக்கு மாற்றியிருக்க வேண்டும். பிறகு மாற்றினால் போன இலக்கங்கள் திரும்பி வராது. கடிதத்தில் முழு எண்ணையும் அச்சிட வேண்டிய தேவையும் இல்லை. 'ரைட்' சூத்திரத்தால் கடைசி நான்கு இலக்கங்களை மட்டும் எடுத்துக் காட்டினால், எந்தக் கணக்கு என்று வாடிக்கையாளருக்கும் புரியும், கடிதம் வேறு கைக்குப் போனாலும் கேடு குறையும்.

மெயில் மெர்ஜின் பெரிய போதாமை, ஒரு வரிசைக்கு ஒரு கடிதம் என்ற அதன் அமைப்புதான். ஒருவருக்கு மூன்று வங்கிக் கணக்குகள் இருந்து, அவற்றை மூன்று வரிசைகளாக எழுதினால், அவருக்கு மூன்று கடிதங்கள் போகும். வங்கி 1, வங்கி 2, வங்கி 3 என்று நெடுவரிசைகளைப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் நிபந்தனை வைப்பதே நம்பத் தகுந்த வழி. எல்லாவற்றையும் ஒரே கட்டத்தில் சேர்த்து எழுதுவது சுலபமாகத் தோன்றினாலும், நீண்ட வாசகம் 255 எழுத்துகளோடு வெட்டுப்படும் அபாயம் உண்டு என்பதால் அதை நான் பரிந்துரைக்க மாட்டேன்.

கருவி எவ்வளவு நன்றாக இருந்தாலும், அதில் ஊற்றும் வாசகம் பழையதாகவே இருந்தால் பயனில்லை. 'பிற வருமானம் ஏதேனும் இருப்பின் தெரிவிக்கவும்' என்ற வரிக்குக் கிடைக்கும் பதில் பெரும்பாலும் மௌனம்தான். எது பிற வருமானம் என்பது வாடிக்கையாளருக்குத் தெரிந்திருக்க வேண்டிய கட்டாயம் இல்லை. 'இந்த ஆண்டு வீடோ நிலமோ விற்றீர்களா? வேலை மாறினீர்களா? புதிய வங்கிக் கணக்கு தொடங்கினீர்களா? வெளிநாட்டிலிருந்து பணம் வந்ததா?' என்று கேட்டால் பதில் வரும். சென்ற ஆண்டுக் கோப்பிலிருந்து உருவான பட்டியலுக்குப் புதியவை எதுவும் தெரியாது. ஆகவே திருமணம், குழந்தைப் பிறப்பு, குடும்பத்தில் மரணம், முகவரி மாற்றம் உட்பட, 'இந்த ஆண்டு என்ன மாறியது' என்ற பொதுப் பகுதி நிபந்தனை எதுவுமின்றி எல்லோருடைய கடிதத்திலும் இருந்தே ஆக வேண்டும். அதே போல, ஒவ்வோர் ஆவணத்துக்கும் எதிரே ஒரு கட்டம் மட்டும் வைத்தால், குறிக்கப்படாத கட்டத்துக்கு மறந்துவிட்டார் என்று பொருளா, அந்தக் கணக்கை மூடிவிட்டார் என்று பொருளா என்று நமக்குத் தெரியாது. 'இணைத்துள்ளேன்', 'இந்த ஆண்டு இல்லை', 'பிறகு அனுப்புவேன்' என மூன்று கட்டங்கள் வைப்பது சிறிய மாற்றம்தான். ஆனால் கோப்பைத் திறந்ததும் அடுத்து என்ன செய்ய வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

கடிதமும் பட்டியலும் தனித்தனித் தாள்களில் இருப்பது நல்லது. கடிதம் ஒரு பக்கத்தைத் தாண்டக் கூடாது. எந்தத் தேதிக்குள் ஆவணங்கள் வேண்டும், தாமதமானால் என்ன ஆகும், யாரைக் கேட்க வேண்டும் என்ற மூன்றையும் முதல் பத்தியிலேயே சொல்லிவிட வேண்டும். எந்தப் பணிகளைச் செய்வோம், எவற்றைச் செய்யமாட்டோம், கட்டணம் என்ன என்பவற்றை விளக்கிக் கையொப்பம் பெறும் ஒப்பந்தக் கடிதத்தை இதோடு கலக்காமல் தனியாகவே தயாரிக்க வேண்டும். இரண்டையும் ஒன்றாக்கினால், இரண்டுமே சரியாகப் படிக்கப்படுவதில்லை.

அனுப்பும் இடத்தில் கருவி சற்றுத் தடுமாறுகிறது. எல்லாக் கடிதங்களையும் ஒரே நீண்ட ஆவணமாகவே வேர்ட் உருவாக்குகிறது. ஒருவருக்கு ஒரு பிடிஎஃப் வேண்டுமென்றால் மேக்ரோவோ (வேலையைத் தானாகச் செய்யும் சிறு நிரலோ) கூடுதல் மென்பொருளோ தேவை. அவுட்லுக் வழியாக மின்னஞ்சலாகவே அனுப்பலாம், ஆனால் இணைப்புக் கோப்பு எதையும் சேர்க்க முடியாது. அச்சிட்டுத் தபாலில் அனுப்புகிற அலுவலகத்துக்கு இவை குறைகளே அல்ல. வாடிக்கையாளர்கள் இணையத்திலேயே ஆவணங்களை ஏற்றிக் கையொப்பமிட வேண்டும் என்று விரும்பும் அலுவலகத்துக்கோ இந்தக் கருவி போதாது. அவர்கள் தனி மென்பொருளுக்குச் செலவிடுவதே முறை.

அனுப்பும் முன் 'ப்ரிவ்யூ ரிசல்ட்ஸ்' வழியாகச் சில கடிதங்களையாவது மூலக் கோப்போடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். வரிசை ஒன்று பிசகினாலும் ஒருவருடைய வங்கி விவரம் மற்றொருவர் வீட்டுக்குப் போய்விடும். எக்செலில் நெடுவரிசைகளைத் தனித்தனியாக வரிசைப்படுத்துவதால்தான் இது பெரும்பாலும் நேர்கிறது. தாள் முழுவதையும் தேர்ந்தெடுத்தே வரிசைப்படுத்த வேண்டும்.

நினைவூட்டல் கடிதத்துக்கு மீண்டும் முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. அதே தாளில் 'வந்தது' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து, ஆவணங்கள் வந்து சேரச் சேரக் குறித்துவந்தால், பெறுநர் பட்டியலில் வடிகட்டி வைத்து, இன்னும் அனுப்பாதவர்களுக்கு மட்டும் கடிதம் எடுக்கலாம். ஆவணவாரியாகக் குறித்து வைத்திருந்தால், எல்லாவற்றையும் மறுபடி கேட்காமல், விடுபட்ட ஆவணத்தின் பெயரை மட்டும் சொல்லிக் கேட்கலாம்.