மண்டாய் நைட் சஃபாரி: டிராம் முதலா, நடை முதலா?

பாளையங்கோட்டை, மேலப்பாளையம், தென்காசிச் சாலையோர ஊர்கள் என எங்கே விசாரித்தாலும், சிங்கப்பூரில் மகனோ மகளோ வேலை பார்க்கும் வீடு ஒன்று இருக்கிறது. மே மாத விடுமுறையில் பேரப்பிள்ளைகளைப் பார்க்கப் போகும் பெரியவர்களுக்கு, அங்கே மண்டாய்ப் பகுதியில் இரவில் மட்டும் திறந்திருக்கும் விலங்குப் பூங்காவான நைட் சஃபாரிக்கென்று ஒரு மாலை எப்படியும் ஒதுக்கப்பட்டுவிடுகிறது. அந்த மாலையை வகுப்பதில்தான் வீட்டுக்குள் கருத்து வேறுபாடு எழுகிறது. உள்ளே நுழைந்ததும் டிராமில் ஏறுவதா, நடைபாதையில் இறங்குவதா? திறக்கும் நேரமான இரவு 7.15 மணிக்கே போய் நிற்பதா, கூட்டம் வடிந்த பின் போவதா? பக்கத்திலேயே இருக்கும் பகல்நேர விலங்குக் காட்சிசாலையையும் அதே நாளில் பார்த்து முடித்துவிடுவதா?

இரவு விலங்குகளுக்கென்றே அமைக்கப்பட்ட உலகின் முதல் பூங்காவான இது 1994 மே மாதம் திறக்கப்பட்டது. கொழும்பு தெஹிவளை விலங்குக் காட்சிசாலையின் இயக்குநராக இருந்த லின் டி அல்விஸ் என்ற இலங்கைக்காரர்தான் இந்த யோசனையை முன்வைத்தவர். நாடக மேடைகளுக்கு ஒளி அமைத்துவந்த ஆங்கிலேயரான சைமன் கார்டர், சுமார் 35 ஹெக்டேர் காட்டுப் பரப்புக்கும் நிலவொளி போன்ற மங்கலான வெளிச்சத்தை அமைத்துக் கொடுத்தார். கம்பிக் கூண்டுகள் கண்ணில் படாதபடி அகழிகளும் நீரோடைகளும் செடிகொடிகளுமே பெரும்பாலும் தடுப்பாக இருக்கின்றன. டிராம் ஏறத்தாழ 40 நிமிடங்களில் ஒரு சுற்றுச் சுற்றிவிடுகிறது. நடப்பவர்களுக்குச் சிறுத்தைத் தடம், ஈஸ்ட் லாட்ஜ் தடம், வாலபி (சிறு கங்காரு வகை) தடம் என ஒன்றோடொன்று இணையும் தனிப் பாதைகள் உண்டு. டிராமிலிருந்து தெரியாத விலங்குகள் பல இந்தப் பாதைகளில்தான் இருக்கின்றன என்பதைப் பலர் கவனிப்பதில்லை. டிராமை விட்டு இறங்கியதும் பார்த்தாயிற்று என்று வாசலுக்குத் திரும்பிவிடுகிறார்கள்.

பெரும்பாலோர் தேர்ந்தெடுப்பது டிராமைத்தான். கால் வலிக்காது, மழைக்குக் கூரை உண்டு, பெரிய விலங்குகள் வரிசையாகக் கண்முன் வரும் என்று அதற்கு நியாயங்களும் உண்டு. நெல்லை, தென்காசி என நம் பக்கத்து ஆட்களுக்கு இதில் வேறொரு சுவையும் இருக்கிறது. 1988இல் அறிவிக்கப்பட்ட களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகம் ஏறத்தாழ 895 சதுர கிலோமீட்டர் பரப்பில் நம் மேற்கெல்லை நெடுகக் கிடக்கிறது. ஆனால் இருட்டிய பிறகு பாபநாசம் சோதனைச்சாவடியைத் தாண்டிச் சுற்றுலா வண்டி போக முடியாது, போகவும் கூடாது. மலையடிவாரத்திலேயே பிறந்து வளர்ந்தவர்கூட மிளா என்ற பெரிய மான் இரவில் மேய்வதை நின்று பார்த்திருக்க மாட்டார். கரடியைப் பற்றி அவர் அறிந்ததெல்லாம் கடையம், விக்கிரமசிங்கபுரம் பக்கம் தோட்டத்துக்குள் புகுந்துவிட்டது என்ற செய்தியாகத்தான் இருக்கும். அந்த மிளாவையும் காட்டுமாட்டையும் கரடியையும் விமானம் ஏறிப் போய்ப் பார்ப்பது வேடிக்கைதான் என்றாலும், ஆச்சியும் தாத்தாவும் டிராமில் அதிகம் ரசிப்பது இவற்றைத்தான். பெயர் சொல்லிக் காட்ட வேண்டிய அவசியமே இருப்பதில்லை.

இவ்வளவு இருந்தும், நடக்க முடிந்தவர்கள் நடையைத்தான் முதலில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது என் கருத்து. அதற்கு முதல் காரணம் கண். வெளிச்சத்திலிருந்து இருட்டுக்கு வந்தபின், மங்கலொளியில் பார்க்க உதவும் விழித்திரைச் செல்கள் முழுத் திறனை எட்ட 20 முதல் 30 நிமிடங்கள் ஆகும். வாசல் பகுதியோ உணவகமும் கடைகளும் விளக்குகளுமாகப் பளபளக்கிறது. அங்கிருந்து நேராக டிராமில் ஏறுகிறவருக்குக் கண் பழகி முடிவதற்குள் பயணத்தின் பாதி கழிந்துவிடும். முதல் பாதியில் மரத்தடியில் படுத்திருந்த விலங்கு அவருக்கு வெறும் நிழலாகத்தான் தெரிந்திருக்கும். நடைபாதையில் அரைமணி நேரம் கழித்துவிட்டு டிராமுக்கு வருகிறவர், அதே விலங்கின் காது அசைவதைக்கூடப் பார்ப்பார். இடையில் யாராவது கைப்பேசித் திரையைத் திறந்தால் இந்தப் பழக்கமெல்லாம் வீணாகிவிடும் என்பதைப் பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது. ஃபிளாஷ் போட்டுப் படம் எடுப்பதற்கு எப்படியும் தடை உண்டு.

இன்னொரு காரணம், நிற்கும் உரிமை. டிராம் யாருக்காகவும் காத்திருக்காது. தேவாங்கு இலை மறைவிலிருந்து வெளியே வர எடுத்துக்கொள்ளும் நேரத்தில் அது இரண்டு வளைவுகளைத் தாண்டியிருக்கும். அங்கே இருப்பது முண்டந்துறைக் காட்டுச் சாம்பல் தேவாங்கின் உறவினமான, சற்றே உருண்டு திரண்ட வேறொரு தேவாங்கு. கிளையில் ஒரு கையை எடுத்து இன்னொரு கையை வைப்பதற்குள் நமக்குப் பொறுமை போய்விடும், ஆனால் போகக் கூடாது. பழந்தின்னி வௌவால்களை அருகில் பார்க்கும் வாய்ப்பும் நடப்பவர்களுக்குத்தான். தலைகீழாகத் தொங்கியபடியே பழத்துண்டைப் பற்றிக் கடித்து, சாற்றை மட்டும் உறிஞ்சிவிட்டு, சக்கையை உருட்டித் துப்புவதைச் சில அடி தூரத்திலிருந்து பார்க்கும்போது, ஊரில் இலுப்பை மரத்தடியில் விடிகாலையில் கிடக்கும் சக்கைகள் எப்படி வந்தன என்பது விளங்கும்.

நேரத்தைப் பொறுத்தவரை, சிங்கப்பூர் நிலநடுக்கோட்டுக்கு மிக அருகில் இருப்பதால் ஆண்டு முழுவதும் சூரியன் ஏறத்தாழ 7 மணியை ஒட்டியே மறைகிறது. நவம்பரில் 7.15 மணிக்கே நன்றாக இருட்டியிருக்கும். பிப்ரவரியில் அந்நேரத்தில்தான் சூரியன் மறைந்துகொண்டிருக்கும். மே மாதத்தில் முதல் டிராமில் போகிறவர் பாதி வழியை அந்தியொளியிலேயே கடந்துவிடுவார். விடுமுறை நாட்களில் முதல் ஒரு மணி நேரத்தில் எல்லோரும் டிராம் வரிசையிலும் விலங்கு நிகழ்ச்சி நடக்கும் காட்சியரங்கிலும் குவிவதால், அப்போது நடைபாதைகள் ஓரளவு காலியாக இருக்கும் என்பது நடை முதல் கட்சிக்கு மேலும் ஒரு வலு. நுழைவுச்சீட்டை இணையத்தில் எடுக்கும்போது நேரப்பிரிவையும் தேர்ந்தெடுக்க வேண்டும். டிராமுக்கெனத் தனி நேரம் குறிக்கப்பட்டிருந்தால் அதற்கேற்ப நடையை அமைத்துக்கொள்ளலாம்.

இரவு 9 மணிக்கு மேல் போவது பெரியவர்களுக்கு ஆகாது என்ற பேச்சை நான் முழுதாக ஏற்பதில்லை. சிங்கப்பூர்க் கடிகாரம் நம்முடையதைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது. அங்கே இரவு 10 மணி என்றால் ஊரிலிருந்து இரண்டு நாளைக்கு முன் வந்தவரின் உடம்புக்கு மணி ஏழரைதான். அவருக்கு அப்போது தூக்கம் வராது, பசிதான் வரும். வீட்டிலேயே இட்லியோ சப்பாத்தியோ சாப்பிட்டுவிட்டுக் கிளம்புவது மேல். அங்கேயே வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கும் பள்ளி செல்லும் பேரன் பேத்திகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது; அவர்களை மனத்தில் கொண்டால் திறந்ததும் வரும் முதல் நேரப்பிரிவே சரி.

பகல் காட்சிசாலையையும் சேர்த்துக்கொள்ளும் திட்டம் கூட்டுச்சீட்டில் பணம் மிச்சமாவதால் பிறப்பது. 1973இல் திறக்கப்பட்ட அந்தக் காட்சிசாலை மாலை 6 மணிக்கு மூடப்படும். இடையில் ஒன்றேகால் மணி நேரம் பிள்ளைகளோடு எங்காவது உட்கார்ந்திருக்க வேண்டும். வெயிலில் நடந்து ஓய்ந்த கால்கள் இரவில் டிராமை மட்டுமே கேட்கும். அப்படியானால் நைட் சஃபாரியின் நல்ல பாதி கைவிட்டுப் போகும். கூட்டுச்சீட்டை இரண்டு வெவ்வேறு நாட்களில் பயன்படுத்த முடிந்தால் மட்டுமே அது லாபம்.

முழங்கால் வலி உள்ளவர் உடன் வருகிறார் என்றால் என் வரிசையைத் தலைகீழாக்கிவிடலாம்: டிராமை முதலில் முடித்துவிட்டு, காட்சியரங்கில் சுமார் 25 நிமிடம் நடக்கும் விலங்கு நிகழ்ச்சிக்கு அவரை உட்காரவைத்து, ஒருவர் துணையிருக்க மற்றவர்கள் சிறுத்தைத் தடத்தை மட்டும் நடந்து வரலாம். மழையும் இடியும் வந்தால் அந்த நிகழ்ச்சிதான் முதலில் நிறுத்தப்படும்.

போகும்போது எம்.ஆர்.டி. ரயிலில் காத்திப் நிலையம் வரை சென்று அங்கிருந்து பேருந்தில் போவது மலிவு. லிட்டில் இந்தியாவில் தங்கியிருப்பவர்கள் தோபி காட் நிலையத்தில் ஒரு முறை ரயில் மாறினால் போதும். திரும்பும்போது நான்கு பேருக்கு மேல் இருந்தால், பெரிய டாக்சி ஒன்றைப் பதினொரு மணிக்கு முன்பே சொல்லிவிடுவது நல்லது.