999 ரூபாய் பேக்கேஜும் அப்பாவின் பொட்டாசியமும்

வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கும் ‘999 ரூபாய் ஃபுல் பாடி செக்கப்’ நோட்டீஸ் மதுரை திருநகர் பக்கம் உங்கள் கைக்கும் வந்திருக்கும். பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

அப்பாவுக்கு 71 வயது. சுகருக்கும் பிரஷருக்கும் மாத்திரை எடுக்கிறார். காலை ஆறேகாலுக்கு ஒரு தம்பி பைக்கில் வந்தார். நரம்பு கிடைக்கவில்லை. கையை இறுக்கிக் கட்டி, “நல்லா மடக்கி மடக்கி விரிங்க ஐயா” என்று மூன்று இடத்தில் குத்தி ஒருவழியாக எடுத்தார். சிவப்பு மூடிக் குழாய் ஒன்று, ஊதா மூடி ஒன்று. ஐஸ் பெட்டி எதுவும் இல்லை. தோள்பையின் சைடு ஜிப்பில் போட்டுக்கொண்டு, பசுமலை, பழங்காநத்தத்தில் இன்னும் ஐந்து வீடு இருக்கிறது என்று கிளம்பிவிட்டார். சித்திரை வெயில் வேறு.

சாயங்காலம் ரிப்போர்ட்டுக்கு முன்னால் போன் வந்தது. “பொட்டாசியம் 6.4 சார். ஹார்ட் எப்ப வேணா நின்னுரும். நமக்குத் தெரிஞ்ச ஆஸ்பத்திரியில ஐசியு பெட் சொல்லிரவா? 30,000 அட்வான்ஸ் கட்டுனாப் போதும்.” அம்மா அழ ஆரம்பித்துவிட்டார்.

தெருமுனையில் எங்கள் டாக்டரிடம் ஓடினோம். 6.4 நிஜமென்றால் விளையாட்டில்லை என்று உடனே ஈசிஜி எடுத்தார். சரியாகத்தான் இருந்தது. அதை மட்டும் நம்பக்கூடாது என்று மறுபடி ரத்தம் எடுத்து அனுப்பினார். அப்புறம்தான் ரிப்போர்ட்டை வாங்கிப் பார்த்தார். கிட்னி வேலை செய்வதைக் காட்டும் கிரியாட்டினின் 0.9, அதில் கோளாறு இல்லை. வெறும் வயிற்றுச் சுகர் 46!

“இவருக்கு 130க்குக் கீழ நான் பார்த்ததே இல்ல. காலையில 46 இருந்திருந்தா, குத்துன தம்பிகிட்ட ஊர்க்கதை பேசிக்கிட்டா இருந்திருப்பாரு?”

பிரிக்காமல் கிடக்கும் ரத்தத்தில் செல்கள் சர்க்கரையைத் தின்றுகொண்டே இருக்குமாம். செல்லுக்குள் இருக்கும் பொட்டாசியம் வெளியே கசியும். செல் உடைந்தால் கேட்கவே வேண்டாம். கையை இறுக்கிக் கட்டி மடக்கி விரிக்கச் சொன்னாலும் அளவு ஏறும். சுகருக்கென்று சாம்பல் மூடிக் குழாய் உண்டு. அதிலுள்ள ஃப்ளூரைடு, சர்க்கரை குறைவதைத் தடுக்கும். அந்தத் தம்பியிடம் அது இல்லவே இல்லை.

ஒரு மணி நேரத்தில் புது ரிசல்ட் வந்தது. பொட்டாசியம் 4.5. இருக்க வேண்டியது 3.5 முதல் 5 வரை.

வீட்டுக்கு வந்து பழைய ரிப்போர்ட்டை அடிவரை படித்தேன். ரத்தம் எடுத்த நேரம் 6.15, லேபுக்கு வந்த நேரம் 12.40. அதற்கும் கீழே எறும்பு சைஸில், ‘சாம்பிள் ஹீமோலைஸ்டு’. அதாவது செல் உடைந்த ரத்தம் என்று தெரிந்தே ஐசியுவுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். போன் போட்டுக் கேட்டால், “அதான் போட்டிருக்கோமே சார், இலவசமா இன்னொரு தடவை எடுத்துத் தர்றோம்” என்கிறார்கள். 999 ரூபாயைத் திருப்பிக் கேட்டு மூன்று வாரம் ஆகிறது.