வளர்ந்த பிள்ளைகளோடு மேக்கினா தீவு: போகலாமா?

அமெரிக்காவுக்குப் போகிற நம் மலேசியக் குடும்பங்கள் பெரும்பாலும் நியூயார்க், லாஸ் ஏஞ்சலஸ், ஆர்லாண்டோ என்றுதான் டிக்கெட் போடுகிறார்கள். நான் சொல்லப்போகிற இடம் அந்த நாட்டின் வடக்கு மத்தியில், மிச்சிகன் மாநிலத்து ஏரிக்குள் இருக்கிற ஒரு சின்னத் தீவு. பெயர் மேக்கினா. பதின்ம வயதுப் பிள்ளைகள் வீட்டில் இருந்து, அவர்களும் நீங்களும் சேர்ந்து ஓய்வெடுக்க வேண்டும் என்று ஆசைப்பட்டால், பயணம் பதிவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

எங்கள் வீடு செத்தாபாக்கில். மகள் படிவம் நான்கு, மகன் படிவம் இரண்டு. கோலாலம்பூரில் பிள்ளைகள் எங்கே போவதென்றாலும் நாம்தான் காரை எடுக்க வேண்டும். பள்ளி, டியூஷன், பேட்மிண்டன், தோழி வீட்டுப் பிறந்தநாள், எல்லாவற்றுக்கும் ஓட்டுநர் அப்பா அல்லது அம்மா. பக்கத்துத் தாமானுக்குச் சைக்கிளில் அனுப்பக்கூட மனம் வராது. இடையில் லாரி போகிற சாலை. விடுமுறையிலும் அதேதான் தொடர்கிறது. நாம் முன்னே நடக்க, அவர்கள் காதில் இயர்போனோடு பின்னே வர, மாலையில் எல்லாருக்கும் தலைவலி. இந்த வயதுப் பிள்ளைகளுக்கு ஓய்வு என்றால் பெற்றோர் கண்ணில் படாமல் சில மணி நேரம் இருப்பது. நமக்கு ஓய்வு என்றால் அந்த நேரத்தில் பயப்படாமல் இருப்பது. இரண்டும் ஒன்றாகக் கிடைக்கிற இடம் அரிது. மேக்கினாவில் கிடைத்தது.

காரணம் எளிது. அந்தத் தீவில் கார் கிடையாது. 1898-லேயே மோட்டார் வண்டிகளைத் தடை செய்துவிட்டார்கள், இன்றுவரை அந்தத் தடை நிற்கிறது. ஆம்புலன்ஸ், தீயணைப்பு வண்டி போன்ற அவசர வாகனங்களும் குளிர்காலத்தில் பனிவண்டிகளும்தான் விதிவிலக்கு. மற்றபடி சைக்கிள், குதிரை வண்டி, அல்லது நடை. தீவைச் சுற்றி எம்-185 என்று ஒரு மாநில நெடுஞ்சாலை இருக்கிறது. நீளம் சுமார் 13 கிலோமீட்டர். ஒரு பக்கம் தண்ணீர், மறு பக்கம் காடு, ஏறக்குறைய முழுக்கச் சமதளம். வட்டச் சாலை என்பதால் வழி தவறவே முடியாது. எந்தத் திசையில் மிதித்தாலும் புறப்பட்ட இடத்துக்குத்தான் வந்து சேர்வார்கள். முதல் நாள் காலையில் "அம்மா, நானும் தம்பியும் மட்டும் போயிட்டு வரட்டுமா?" என்று மகள் கேட்டபோது, நான் என் கணவரைப் பார்த்தேன். அவர் "ஹெல்மெட் போட்டுக்கிட்டுப் போங்க" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான் அனுமதி. ஊரில் இப்படி ஒரு பதிலை அவர்கள் கேட்டதே இல்லை.

பெரிய நிலத்திலிருந்து படகில் கால் மணி நேரம், கொஞ்சம் கூடலாம். கரையில் உள்ள மேக்கினா சிட்டி என்ற ஊரிலிருந்தும் வரலாம், அங்கிருந்து மேக்கினா பாலத்தைத் தாண்டினால் வரும் செயின்ட் இக்னஸிலிருந்தும் வரலாம். காரைக் கரையிலேயே நிறுத்திவிட வேண்டும். படகிலிருந்து இறங்கியதும் கண்ணில் படுவது பெட்டி தூக்கும் இளைஞர்கள். சைக்கிளின் முன்னால் ஒரு பெரிய கூடை. அதில் பெட்டியை அடுக்கி, அதன் மேல் இன்னொன்று, அதற்கு மேல் இரண்டு முதுகுப்பை, ஓட்டுபவரின் முகமே மறைகிற அளவுக்கு ஏற்றி, ஒரு கையால் சுமையைப் பிடித்தபடி குதிரைகளுக்கு நடுவே மிதித்துக்கொண்டு போகிறார்கள். எங்கள் பெட்டிகளும் அப்படித்தான் விடுதிக்குப் போயின. பிள்ளைகள் கைப்பேசியை எடுத்துப் படம் பிடித்தார்கள், பிறகு பின்னாலேயே ஓடினார்கள். கடைக்குச் சரக்கு, விடுதிக்குத் துணிமூட்டை, ஊர்க் குப்பை, எல்லாம் குதிரை வண்டியில்தான். கோடையில் நூற்றுக்கணக்கான குதிரைகள் இருப்பதால் கடைத்தெருவில் சாணி நாற்றம் உண்டு. அடிக்கடி கூட்டி அள்ளுகிறார்கள், ஆனாலும் மூக்கு நுட்பமானவர்களுக்கு முதல் நாள் கஷ்டம்தான். கடற்கரைச் சாலைக்கு வந்துவிட்டால் போய்விடும்.

பகலில் படகு படகாக ஆட்கள் வந்து இறங்குகிறார்கள். மாலைப் படகுகளில் பெரும்பாலானவர்கள் திரும்பிப் போய்விடுவார்கள். அதன் பிறகுதான் தீவின் அருமை தெரியும். அதனால் தீவிலேயே தங்குங்கள் என்பது என் உறுதியான பரிந்துரை. கரையில் தங்கினால் செலவு நன்றாகக் குறையும், அது உண்மை. ஆனால் மாலை நேரத்தை இழந்துவிடுவீர்கள். ஜூன் தொடக்கத்தில் அங்கே இரவு ஒன்பது மணி தாண்டித்தான் சூரியன் மறைகிறது. ஏழரைக்குள் இருட்டிவிடும் ஊரில் வளர்ந்த பிள்ளைகளுக்கு அது பெரிய பரிசு. சாப்பாடு முடிந்த பிறகு இன்னொரு முழு மாலை மிச்சம் இருந்தது. அவர்கள் மறுபடியும் சைக்கிளை எடுத்துக்கொண்டு போவார்கள். நாங்கள் விடுதித் தாழ்வாரத்து நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருப்போம். என் கணவரோடு இடையூறில்லாமல் அவ்வளவு நேரம் பேசி வருடங்களாகிவிட்டன.

சைக்கிள் வாடகைக் கடைகள் பல இருக்கின்றன. நாங்கள் எடுத்த கடையில் ஒரு குறை. மகளுடைய சைக்கிளில் கியர் சரியாகப் பிடிக்காமல் நழுவிக்கொண்டே இருந்தது. திரும்பக் கொண்டுபோனபோது வேறு சைக்கிள் மாற்றித் தந்தார்கள், முகம் சுளிக்கவில்லை, ஆனால் வீணான நேரத்துக்கு வாடகையைக் குறைக்க மறுத்துவிட்டார்கள். ஆகவே கடையை விட்டுக் கிளம்பும் முன் எல்லாக் கியரையும் மாற்றிப் பாருங்கள், பிரேக்கை அழுத்திப் பாருங்கள். பல நாள் வாடகைக்குத் தனி விலை உண்டா என்றும் கேளுங்கள்.

தீவைச் சுற்றும் வழியில் கிழக்குப் பக்கம் ஆர்ச் ராக் வருகிறது. சுண்ணாம்புக்கல் தானாகவே குடைந்து வளைவாக நிற்கிறது. அதன் நடுவே கீழே பச்சையும் நீலமுமாக ஏரி தெரியும். சாலையிலிருந்து இருநூறுக்கு மேற்பட்ட படிகள். பத்துமலையின் 272 படிகளைக் காவடியோடு ஏறுகிற ஊர்க்காரர்களுக்கு அதெல்லாம் ஒரு பொருட்டல்ல. மகன் மேலே போய் எங்களுக்காகக் காத்திருந்தான். சுற்றில் பாதித் தூரம் வந்தால் பிரிட்டிஷ் லேண்டிங். 1812-இல் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் போர் தொடங்கியபோது பிரிட்டிஷ் படை இரவோடு இரவாக இறங்கிய இடம். அங்கே கழிப்பறை உண்டு, பிள்ளைகளிடம் முன்கூட்டியே சொல்லிவைக்கலாம். மேக்கினா கோட்டையில் பீரங்கி சுட்டுக் காட்டுகிறார்கள்; சத்தம் மார்பில் இடிக்கிறது. மகளுக்கு வரலாறு பிடிக்காது, ஆனால் அந்தக் கோட்டைச் சுவரில் உட்கார்ந்து துறைமுகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பது பிடித்தது. கிராண்ட் ஹோட்டல் என்று 1887-இல் திறந்த பெரிய மர விடுதி இருக்கிறது. அங்கே தங்காதவர்கள் கட்டணம் கட்டித்தான் அதன் நீண்ட தாழ்வாரத்தில் நடக்க முடியும். பிள்ளைகளுக்கு அது தேவையில்லை என்பது என் எண்ணம்.

இனிப்புப் பிரியர்களுக்கு ஃபட்ஜ். கடைத்தெரு முழுக்க அந்தக் கடைகள்தான். காய்ச்சிய சாக்லேட் பாகைப் பெரிய பளிங்குப் பலகையில் ஊற்றி, நீளமான கரண்டியால் ஓரத்திலிருந்து உள்ளே மடித்து மடித்து, ஆறி இறுகும்போது ஒரு நீண்ட கட்டியாக்கி வெட்டுகிறார்கள். நம் வீட்டில் மைசூர்பாகு கிளறுகிற பக்குவம் தெரிந்தவர்கள் நின்று பார்த்தே ஆக வேண்டும். ஒரு துண்டு நான்கு பேருக்குப் போதும், அவ்வளவு தித்திப்பு.

சாப்பாட்டு விஷயத்தில் தாராளமாகப் புகழ மாட்டேன். ஏரியில் பிடிக்கிற ஒயிட்ஃபிஷ் நன்றாக இருக்கிறது, சதை மென்மை, முள் தொல்லை குறைவு. ஆனால் உப்பும் எலுமிச்சையும் தவிர வேறு காரம் சேராது. நாங்கள் சம்பல் புட்டி ஒன்று கையோடு வைத்திருந்தோம். பேஸ்டி என்று ஒரு பண்டம், கறிபாப்புக்கு அண்ணன் மாதிரி, உள்ளே மாட்டிறைச்சியும் உருளைக்கிழங்கும். மாடு சாப்பிடாதவர்கள் கேட்டுவிட்டு வாங்குங்கள். கோழியோ காய்கறியோ வைத்ததும் சில கடைகளில் கிடைக்கும். சைவம் மட்டும் சாப்பிடுகிறவர்கள் பாஸ்தா, பீட்ஸா, சாலட் என்று ஓட்ட வேண்டியிருக்கும். அப்புறம், பட்டியலில் போட்டிருக்கிற விலை முழு விலை இல்லை. மிச்சிகனில் 6 விழுக்காடு விற்பனை வரி சேரும், அதற்கு மேல் பரிமாறியவருக்கு 18 முதல் 20 விழுக்காடு வைப்பது வழக்கம். ரிங்கிட்டில் பெருக்கினால் வயிறு கலங்கும். காலையில் விடுதிச் சிற்றுண்டி, மதியம் மளிகைக் கடையில் வாங்கிய ரொட்டியும் பழமும், இரவு ஒரு வேளை மட்டும் உணவகம் என்று வைத்துக்கொண்டால் கட்டுப்படும்.

இனி, எப்படிப் போவது. நாங்கள் சிகாகோ வரை விமானத்தில் போய், அங்கிருந்து காரில் போனோம். கோலாலம்பூரிலிருந்து சிகாகோவுக்கு நேரடி விமானம் இல்லை. தோஹா, இஸ்தான்புல், தோக்கியோ போல ஓர் ஊரில் மாற வேண்டும். மலேசியக் கடப்பிதழுக்கு விசா வேண்டும். நேர்காணல் ஜாலான் துன் ரசாக்கில் உள்ள தூதரகத்தில். தேதி கிடைக்க நாளாகலாம் என்பதால் டிக்கெட்டுக்கு முன்பே அதைத் தொடங்குங்கள். கோலாலம்பூரில் நான் விசாரித்த ஒரு பயண நிறுவனம் இந்தத் தீவைப் பற்றிக் காது கொடுத்தே கேட்கவில்லை. நாளுக்கொரு நகரம், விடியற்காலைப் பேருந்து என்று அச்சடித்த திட்டத்தையே திரும்பத் திரும்ப நீட்டினார்கள். ஓய்வு தேடுகிறவர்கள் அந்தப் பக்கம் போகாமல் தாங்களே பதிந்துகொள்வது மேல்.

என் தங்கை குடும்பம் சிகாகோவுக்குப் பக்கத்தில் நேப்பர்வில்லில் இருக்கிறது. அங்கிருந்து தீவுப் படகுத்துறைக்கு ஏறக்குறைய 650 கிலோமீட்டர், நாம் பினாங்குக்குப் போய்த் திரும்புகிற தூரம். ஒரே மூச்சில் ஓட்டாதீர்கள். மிச்சிகன் ஏரியின் கிழக்குக் கரையோரமாகவே போய், ஸ்லீப்பிங் பேர் டியூன்ஸில் நிறுத்துங்கள். தேசியப் பூங்காத் துறையின் கீழ் உள்ள மணற்குன்றுகள். நுழைவுக் கட்டணம் காருக்கு 25 டாலர், ஏழு நாள் செல்லும். ஓரிடத்தில் ஏரிக்கு மேல் 450 அடி உயரத்தில் மணல் விளிம்பில் நிற்கலாம். கீழே ஓடி இறங்கச் சில நிமிடம், ஏறி வர மணிக்கணக்காகும் என்று எச்சரிக்கைப் பலகை வைத்திருக்கிறார்கள். அதை மதியுங்கள், இந்த வயதுப் பையன்களுக்கு அது சவால் மாதிரிதான் தெரியும். ஏறி விளையாட டியூன் கிளைம்ப் என்று தனியாக ஒரு குன்று இருக்கிறது. என் தங்கை கணவரும் என் மகனும் அங்கே பந்தயம் வைத்து ஏறி, மணலில் உருண்டு வந்தார்கள்.

இன்னும் வடக்கே பெட்டோஸ்கி ஊர்க் கடற்கரை. அங்கே பெட்டோஸ்கி கல் கிடைக்கும், மிச்சிகனின் மாநிலக் கல். சுமார் 35 கோடி ஆண்டுகளுக்கு முன் வெதுவெதுப்பான ஆழமில்லாக் கடலில் வாழ்ந்த பவளம் கல்லாகிப்போனது. காய்ந்திருக்கும்போது வெறும் சாம்பல் நிறக் கூழாங்கல். தண்ணீரில் நனைத்தால் போதும், அறுகோணக் கட்டங்கள் வரிசையாக எழும்பி வரும், ஒவ்வொன்றின் நடுவிலும் கறுப்பாக ஒரு கண், அதைச் சுற்றி மெல்லிய கோடுகள். என் மகள் கைப்பேசியைப் பைக்குள் போட்டுவிட்டு, பேன்ட்டை முழங்கால் வரை மடித்துக்கொண்டு, குனிந்தபடியே கரையோரம் வெகுதூரம் போய்விட்டாள். ஒவ்வொரு கல்லாக நனைத்து, பார்த்து, போட்டு, அடுத்ததை எடுத்து. தண்ணீர் பனிக்கட்டி போலிருக்கிறது என்று புலம்பிக்கொண்டே செய்தாள். தனியாள் ஒருவர் ஆண்டுக்கு 25 பவுண்டு எடை வரை எடுத்துக்கொள்ள மாநிலச் சட்டம் இடம் தருகிறது. ஆனால் ஸ்லீப்பிங் பேர் எல்லைக்குள் ஒரு கல்லைக்கூட எடுக்கக் கூடாது. பிள்ளைகளிடம் இரண்டையும் தெளிவாகச் சொல்லிவிடுங்கள்.

மேக்கினா சிட்டிக்குப் பக்கத்தில் ஹெட்லண்ட்ஸ் என்று இருள்வானப் பூங்கா ஒன்று, விளக்கொளி தொல்லை இல்லாமல் நட்சத்திரம் பார்க்கிற இடம், கட்டணம் இல்லை, இரவு முழுக்கத் திறந்திருக்கும். தீவுக்குப் போவதற்கு முந்திய இரவு அங்கே போனோம். ஜூனில் முழு இருட்டு வர பதினொன்றரை ஆகிவிடும், அதுவரை பிள்ளைகளைக் காரில் தூங்கவிடலாம். கோலாலம்பூர் வானத்தில் எண்ணிச் சொல்லக்கூடிய நட்சத்திரங்களையே பார்த்தவன் என் மகன். பால்வீதியைக் காட்டியபோது அது மேகம் என்று வாதாடினான்.

காலம் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நம் பள்ளிகளின் ஆண்டு நடு விடுமுறை இப்போதைய நாட்காட்டிப்படி மே கடைசியிலும் ஜூன் தொடக்கத்திலும் விழுகிறது. அப்போது அமெரிக்கப் பள்ளிகள் பலவும் இன்னும் நடந்துகொண்டிருக்கும், கூட்டம் குறைவு, அறை வாடகையும் ஜூலையை விடக் குறைவு. தீவு முழுக்க லைலாக் பூக்கத் தொடங்கும் காலம் அது. ஆனால் ஏரியில் குளிக்க முடியாது, கால் மரத்துவிடும். இரவில் குளிர் பத்துப் பாகைக்கும் கீழே இறங்கும். கோடை என்று நம்பி டி-சட்டையோடு போய்விடாதீர்கள். காற்றுத் தடுக்கும் மேலங்கி ஆளுக்கொன்று கட்டாயம். நீந்தியே ஆக வேண்டும் என்கிற பிள்ளைகள் என்றால் ஜூலை பின்பாதி, ஆகஸ்ட்டுக்குத் தள்ளிப்போடுங்கள், பள்ளிக்கு விடுப்புக் கடிதமும் கொடுக்க வேண்டியிருக்கும். இன்னொன்று, மிச்சிகன் கடிகாரம் சிகாகோவை விட ஒரு மணி நேரம் முன்னால் ஓடும். கடைசிப் படகைப் பிடிக்கிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

பெரிய ரோலர் கோஸ்டர், பேரங்காடி, இரவுச் சந்தை இல்லாமல் இருக்க முடியாத பிள்ளைகளுக்கு இந்தத் தீவு இரண்டாம் நாளே அலுக்கும். தாத்தா பாட்டியையும் கூட்டிப்போகிறவர்கள் தயங்க வேண்டாம், குதிரை வண்டிச் சுற்றுலா இருக்கிறது. முழங்கால் வலி உள்ள என் மாமியார் கூட வந்திருந்தால் அதில் ஏறி எல்லாவற்றையும் பார்த்திருப்பார். அடுத்த முறை அவரோடுதான் போகப்போகிறோம். அறையை ஜனவரியிலேயே பிடித்துவிடுவேன், ஏரியைப் பார்த்த மாடி அறைகள்தான் முதலில் போய்விடுகின்றன.