புறக்கோட்டை பிரெத்தலைசர்: சாராயம் தெரியும், கஞ்சா தெரியாது

பொலிஸ் பலூன் ஊதச் சொல்லுமுன் தாமே ஊதிப் பார்க்க விரும்புகிறவர்களுக்குப் புறக்கோட்டையிலும் ஒன்லைனிலும் மூச்சில் உள்ள மதுவை அளக்கும் கையடக்க பிரெத்தலைசர்கள் கிடைக்கின்றன. அதில் இரண்டு விதம். மலிவானதில் டின் ஒக்சைட் சென்சர். அது மதுவுக்கு மட்டுமல்ல, சென்ட், தின்னர், சானிட்டைசர் ஆவிக்கும் எண் காட்டும். கொழும்புப் புழுக்கத்தில் அளவும் நாளடைவில் விலகும். 'ஃபியூவல் செல்' (மது ஆவியை வேதிவினையால் மின்சாரமாக்கி அளக்கும் சென்சர்) என்று எழுதியது விலை கூட, ஆனால் நம்பலாம். ஆறு மாதத்துக்கோ வருடத்துக்கோ ஒருமுறை கலிப்ரேஷன், அதாவது அளவைச் சரிபார்த்துத் திருத்துவது, வேண்டும். அதைச் செய்து தருவார்களா என்று வாங்கும்போதே கேளுங்கள்.

கடைசி மிடறு குடித்து 15 நிமிடம் கழித்தே ஊத வேண்டும். இல்லையென்றால் வாயில் தங்கிய மது எண்ணை ஏற்றிவிடும். பீப் சத்தம் நிற்கும்வரை, நாலைந்து வினாடி, ஒரே சீராக ஊதுங்கள். அடுத்தது அலகு. பலர் கோட்டை விடுவது இங்கேதான். இலங்கைச் சட்ட எல்லை 100 மில்லிலீற்றர் இரத்தத்தில் 80 மில்லிகிராம். திரையில் அது அலகைப் பொறுத்து மூன்று விதமாக வரும்: இரத்தத்தில் சதவீதமாக 0.08, லீற்றர் இரத்தத்துக்குக் கிராமாக 0.8, லீற்றர் மூச்சுக்கு மில்லிகிராமாக 0.38. மூச்சு அலகில் 0.5 வந்ததைப் பார்த்து, "0.8க்குக் கீழேதானே" என்று சாவியைத் திருப்பினால், உண்மையில் இரத்தத்தில் 105 மில்லிகிராம் ஓடுகிறது. 180 மில்லிலீற்றர் சாராயத்தை 70 கிலோ ஆள் ஒரே மூச்சில் முடித்தால் கிட்டத்தட்ட 100 மில்லிகிராம் வரை ஏறும். இறங்குவதோ மணிக்கு 15 அளவில்தான்.

இவ்வளவும் மதுக் கணக்கு. கஞ்சாவை இந்தக் கருவி முகர்ந்துகூடப் பார்க்காது. 2015இல் வெளியான அமெரிக்க ஐயோவா பல்கலைக்கழக சிமியுலேற்றர் ஆய்வில், 0.05 சதவீத மதுவோடு லீற்றருக்கு 5 மைக்ரோகிராம் டீஎச்சீ (கஞ்சாவில் போதை தரும் பொருள்) இரத்தத்தில் சேர்ந்தபோது, வாகனம் லேனுக்குள் அலைந்த அளவு தனி மது 0.08இல் அலைவதற்குச் சமமாக இருந்தது. கஞ்சா மட்டும் அடித்தவர் பெரும்பாலும் வேகத்தைக் குறைத்து, முன்வாகனத்துக்கு இடைவெளி விட்டுச் சமாளிப்பார். மது அந்த எச்சரிக்கையைக் கழற்றிவிடும். போதாததற்கு இரத்தத்தில் டீஎச்சீயையும் கூட்டும். காலி வீதியில் முன்னால் போகிற பஸ் திடீரென்று ஓரங்கட்டும்போது, மணிக்கு 50 கிலோமீற்றரில் ஒரு வினாடி தாமதம் என்றால் 14 மீற்றர்.

கஞ்சாவைப் புகைத்தால் சில நிமிடங்களில் ஏறி மூன்று நாலு மணி நேரம் நிற்கும். மதனமோதகம் என்ற கஞ்சா சேர்ந்த மருந்து உருண்டை போல விழுங்குவது இன்னும் மோசம்: ஏறத் தொடங்கவே அரை மணி முதல் இரண்டு மணி நேரம், உச்சத்துக்கு நாலு மணி நேரம் வரை. எட்டு மணிக்கு ஒரு உருண்டையும் 25 மில்லிலீற்றர் சாராயம் இரண்டும் எடுத்தவருக்குப் பத்தரை அளவில் சாராயம் கரைந்திருக்கும், உருண்டை அப்போதுதான் தலைக்கு ஏறிக்கொண்டிருக்கும். அந்த நேரத்தில் ஊதினால் நல்ல ஃபியூவல் செல் கருவியும் 0.00 என்றே காட்டும். கருவியில் பழுதில்லை.